சென்சாருக்கு வாக்கியம் போட்ட வாரம்

நான் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். உள்ளே கை இருந்தால் சென்சார் பார்த்து மெஷினை நிறுத்த வேண்டும். என் மெஷினில் அது நிறுத்தாது. தூசிக்கெல்லாம் நின்றுவிடுகிறது, உற்பத்தி குறைகிறது என்று வயரை மாற்றிக் கொடுத்து அதை ஊமையாக்கிவிட்டார்கள். எனக்கு முன்னால் அங்கே நின்றவர் இரண்டு விரல்களை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். நான் நாலு தடவை சொன்னேன். "பாத்து செய்ப்பா" என்றார் சூப்பர்வைசர். அதுதான் ரிப்பேர்.

பிறகு, பாகம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆடிட் வருகிறது என்றார்கள். சானமாவு காட்டு யானை உள்ளே வந்திருந்தால்கூட அவ்வளவு ஓட்டம் இருந்திருக்காது. மெஷினுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். சென்சாரைப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை.

வகுப்பு கேன்டீனில். 'சென்சார் மெஷினை நிறுத்தும்' என்று நேராகச் சொன்னால் அழுத்தம் இல்லையாம். முதலில் 'வாட்' போட வேண்டுமாம். நடுவில் 'இஸ்'. சொல்ல வந்த முழு விஷயத்தையும் 'தட்' போட்டுக் கடைசியில் வைக்க வேண்டுமாம். கேட்கிறவர் காத்திருப்பாராம். வந்து விழும்போது உறைக்குமாம்.

"இது புதுசில்லீங்க மேடம்" என்றான் பக்கத்து மெஷின்காரன். மதுரைப் பக்கத்து ஆள். "எங்கூர்ல மைக்கப் புடிச்சவன் எல்லாம் 'நான் என்ன சொல்ல வர்றேன்னா'ன்னுதான் ஆரம்பிப்பான். கடைசி வரைக்கும் சொல்ல மாட்டான்."

மேடமும் சிரித்துவிட்டார். "நீங்க கடைசில சொல்லிடணும். அவ்ளோதான் வித்தியாசம்."

ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்தார்கள். என்னுடையது: "வாட் கீப்ஸ் மீ சேஃப் இஸ் தட் த சென்சார் ஸ்டாப்ஸ் த மெஷின்." என்னைக் காப்பாற்றுவது என்னவென்றால், சென்சார் மெஷினை நிறுத்திவிடுகிறது என்பதுதான். நான் எட்டாவது வரை படித்தவன். பொய் என்று தெரிய அது போதும்.

"அது நிக்காதுங்க மேடம்" என்றேன்.

மேடம் வாசலில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"நீ மொதல்ல 'தட்'ட ஒழுங்காச் சொல்லு" என்றார் அவர் என்னிடம்.

ஒரு வாரம் மூக்கண்டப்பள்ளி வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"கை போச்சுன்னா இங்கிலீசுலதான் அழுவீங்களா?"

மறுபடி 'வாட்'டிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆடிட்டர் வந்தார். வெள்ளைக்காரர் வருவார் என்று நினைத்தோம். வந்தவர் நம்மூர் முகம். என் மெஷின் முன்னால் நின்று இங்கிலீஷில் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. வாக்கியத்தைச் சொன்னேன். ஓர் எழுத்து பிசகவில்லை. கூட வந்த மேனேஜர் முகத்தில் தன் பிள்ளை பரிசு வாங்கிய களை.

ஆடிட்டர் தலையாட்டினார். பிறகு தமிழில், "நல்லா சொன்னீங்கண்ணா. செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்றார்.

அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

"சார், டீ ஆறிடும்" என்றார் சூப்பர்வைசர். ஆடிட்டர் நகரவில்லை.

என் கையுறையைக் கழற்றினேன். உள்ளே வேஸ்ட் துணியைத் திணித்தேன். குச்சியில் மாட்டி அச்சுக்கு நடுவில் நீட்டினேன். பெடலை மிதித்தேன். அச்சு முழுதாக இறங்கியது. எடுத்துப் பார்த்தால் கையுறை அப்பளம். சென்சாரில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

ஆடிட்டர் நின்றபடியே வெகுநேரம் எழுதினார்.

அவர் போனதும் சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். "கையுறைய எதுக்குய்யா உட்ட?"

"கைய உடணுமா சார்?"

மறுநாள் ஓர் ஆள் வந்து வயரைச் சரியாக மாட்டினார். அரை மணி நேர வேலை. என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். அதற்கு இங்கிலீஷ் வேண்டாமாம்.

என் மெஷினில் இப்போது ஒடிசாக்காரப் பையன். போன மாதம் அசதியில் கையை உள்ளே விட்டுவிட்டான். மெஷின் நின்றது. அவனுக்கு வாக்கியம் எதுவும் கொடுத்திருக்கவில்லை.