சுகுமாரன் அழித்த பாத்

என்னைக் கெடுக்கப் பார்த்தவன், கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வரும் சுகுமாரன். பாறசாலையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடை நடத்துகிறவனுக்கு வைரஸ்கூடப் பெரிய எதிரி இல்லை, சர்வீஸுக்கு வருகிறவன்தான். என்னைப் போல் எட்டாம் வகுப்போடு நின்று, கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும்.

பெட்டிக்கு மரணச் சான்று

பில் போடும் புரோகிராம் ஒன்றை ஏற்றிவிட்டுச் சுகுமாரன் போனான். மறுநாள், பழைய மலையாள எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றும் என் புரோகிராம் ஓடவில்லை. கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலில் அதன் பெயரை அடித்தால், அப்படி ஒன்றைத் தெரியாது என்று இங்கிலீஷில் பதில் வந்தது. முன்பு கம்ப்யூட்டரில் அடித்து வைத்த பத்திரங்களெல்லாம் அந்தப் பழைய எழுத்தில்தான் இருக்கின்றன. பத்திர வேலை போனால் கடையை மூட வேண்டியதுதான். சுகுமாரனுக்குப் போன் செய்தேன். அவன் வந்து பார்க்கக்கூட இல்லை.

"அண்ணா, பெட்டி செத்துப்போச்சு ஆக்கும். பழைய இரும்போட ஆக்கிரிக்குப் போட்டுட்டு என்கிட்ட புதுசு எடுங்க."

எந்த ரோடு?

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தங்கை மகள் ஷீபாவைக் கூப்பிட்டேன். அவள் சொன்னபடி என்விரான்மென்ட் வேரியபிள் என்ற இடத்தைத் திறந்து, பாத், அதாவது வழி, என்பதைப் பார்த்தேன். அங்கே சுகுமாரனின் பில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரின் பெயர் மட்டும் இருந்தது. இருந்தவற்றோடு தன்னுடையதைச் சேர்க்காமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதியிருக்கிறான்!

"அப்போ என் புரோகிராம் போச்சா மோளே?" என்றேன். ஷீபா சிரித்தாள்.

"மாமா, அது வீட்டில தான் உண்டு. பனச்சமூட்டில வந்து ஒரு வீட்டைக் கேட்டா, எந்த ரோட்டில தேடணும்னு சொல்லணும்லா? அந்த ரோட்டுப் பேரைத்தான் அவன் அழிச்சிருக்கான்."

மூடித் திறந்தது

விண்டோஸின் ஃபோல்டர்களையும் என்னுடையதையும் அவள் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். அடித்தால் அதே பதில். பத்திரத்துக்காக அம்பூரியிலிருந்து வந்து காத்திருந்த தங்கப்பன் அண்ணன் எழுந்தே விட்டார். அப்போதுதான் ஷீபா, கறுப்பு ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொன்னாள். முன்பே திறந்திருந்த ஜன்னலுக்குப் பழைய பாத் மட்டும்தான் தெரியுமாம். திறந்து அடித்தேன். ஓடியது! அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். தங்கப்பன் அண்ணன் என்னையே பார்த்தார்.

"எலே, காலையிலேருந்து உன் மூஞ்சியும் ஓடாமத்தான் கிடந்துது."

பஸ் படியில்

அடுத்த வாரம் பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் சுகுமாரன் அகப்பட்டான். "செத்துப்போச்சுன்னு சொன்னியே, அந்தப் பெட்டி ஓடுது. பாத்தை அழிச்சது நீதானே?" என்றேன். அவன் ஓடிப்போய் பஸ் படியில் ஏறிக்கொண்டான்.

"ஓடுதுல்லா? பின்ன எதுக்கு அண்ணா சண்டை?"

பெட்டியும் பிழைத்தது, கடையும் பிழைத்தது. தப்பு தன்னுடையது என்று சுகுமாரன் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் இன்னும் பாக்கி.