யாசின் பாய் பதினோரு மணிக்கு வந்தார்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், அதில் ஆறு வருஷம் எமர்ஜென்சி வார்டில். என் கையில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று நான் எண்ணியதில்லை. கண்ணை மூடிவிட்டு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பிணவறைக்கு அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து டீ குடித்திருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. என் நாத்தனார் திருஷ்டிக்கென்று வாசலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து ஜூஸ் போட்டுக் குடித்தவள் நான், அதற்காக இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. என் கோபமெல்லாம் வேறு ஆள் மேல்.

அப்போது எண்ணூர் போகிற வழியில் ஒரு இறால் கம்பெனியில் எனக்கு வேலை. இறாலை உரித்து, உறைய வைத்து, பெட்டி போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். உரிக்கிறவர்கள் எல்லாம் பெண்கள், பாதிக்கு மேல் காத்திவாக்கம் பக்கத்து மீனவக் குடும்பங்கள். கத்தி கிழித்த விரலுக்குக் கட்டுப் போடுவதும், தலைவலிக்கு மாத்திரை கொடுப்பதும்தான் என் வேலை. கம்பெனியின் ஃப்ரீசருக்கெல்லாம் அமோனியா வாயு பைப்பில் ஓடும். பைப்புக்குள் இருக்கிற வரைக்கும் அது குளிர். வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் பொசுக்கிவிடும். அந்தப் பைப்பையும் மெஷினையும் பார்த்துக்கொண்டவர் யாசின் பாய். தண்டையார்பேட்டைக்காரர், ஐம்பது வயசு இருக்கும், மூன்று பெண் பிள்ளைகளுக்கு அப்பா. பெண்கள் உரிக்கிற ஹாலின் சுவரை ஒட்டிப் போகிற மூணாம் நம்பர் லைன் துருப்பிடித்துப்போய்விட்டது, மாற்றுங்கள் என்று அவர் மேனேஜரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். ஒரு தடவை என் எதிரிலேயே சொன்னார். "சீசன் முடியட்டும் பாய்" என்றார் மேனேஜர், செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் நான் உள்ளே நுழையும்போதே கேட்டில் செக்யூரிட்டி சொன்னார். விடியற்காலையில் யாசின் பாய் மேல் அமோனியா பட்டுவிட்டதாம், லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர்தான் அவரை ஏற்றிக்கொண்டு ராயபுரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எனக்குப் பதறியது. மேனேஜரிடம் ஓடினேன். "லேசாதான் பட்டிருக்கு சிஸ்டர், சாயங்காலம் வந்துடுவாரு. நீங்க உங்க ரூமை க்ளீனா வெச்சுக்குங்க, இன்னைக்கு வர்றவங்க அதையும் பாப்பாங்க" என்றார். லேசாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபம் அங்கே தொடங்குகிறது.

பதினோரு மணிக்கு என் ரூம் கதவு திறந்தது. யாசின் பாய் நின்றுகொண்டிருந்தார்.

கழுத்திலிருந்து வலது கை வரைக்கும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. இடது புறங்கையில் சலைன் ஏற்றுகிற ஊசி, பிளாஸ்திரி போட்டு ஒட்டியபடியே இருந்தது. வார்டிலிருந்து ஓடி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன், அப்படி ஓடி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்தவள். உட்காருங்கள் பாய் என்றேன். உட்காரவில்லை.

"சிஸ்டர், பொம்பளைங்கள வெளிய இட்டுக்கினு போயிடு. மூணாம் நம்பர் லைன் தாங்காது. காத்தால லீக்காவுற எடத்துல துணி சுத்தி கட்டிட்டுத்தான் போனேன். மத்தியானம் எல்லா மிசினையும் சேத்து ஓட்டுவானுங்கோ. அப்ப பிச்சிக்கும்."

நம்பினால் நம்புங்கள், அந்தக் குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அமோனியா போன தொண்டை அப்படிப் பேசாது. இருமும், கரகரக்கும், வார்த்தையே வராது. ஒரு நர்ஸுக்கு அது அந்த நிமிஷமே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் பேரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிவிட்டு, "வாங்க பாய், மேனேஜர்கிட்ட நேரா சொல்லிடுவோம்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மேனேஜர் ரூமில் அவர் மட்டும்தான் இருந்தார். யாசின் பாயைப் பார்த்ததும் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். என்ன ஆச்சு, எப்படி இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உன்னை யாருய்யா இங்க வரச் சொன்னது? ஆள் வர்ற நேரத்துல இந்தக் கோலத்துல வந்து நிக்கிறே? பின்பக்கமா போ."

"சார், லைன ஆப் பண்ணு சார். பொம்பளைங்கோ கீறாங்கோ சார் உள்ளே."

"எனக்குத் தெரியும் எதை எப்போ ஆஃப் பண்ணணும்னு. நீ ஆபரேட்டர், நான் மேனேஜர்."

"கெஞ்சிக் கேக்கறேன் சார். ஒரு மணி நேரம் வெளிய ஒக்கார வை சார், அது போதும்."

"லீவுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் நல்லா டிராமா போடறீங்கய்யா" என்றார். தோல் வெந்துபோய் நிற்கிற ஒரு மனுஷனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் பக்கம் திரும்பி, "இந்த ஆளை உள்ள விட்டது நீங்கதானே? உங்களை அப்புறம் பேசிக்கிறேன்" என்று கத்தினார். நான் அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், பாய் இல்லை. வராண்டாவில் இல்லை, மெஷின் ரூமில் இல்லை. கேட்டுக்கு ஓடினேன். "யாரும் வெளிய போவலயே சிஸ்டரு. யாரும் உள்ளேயும் வரலயே" என்றார் செக்யூரிட்டி. டீ குடிக்கப் போயிருப்பார், கவனித்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. லைன் வெடிக்கப்போகிறது என்று சத்தம் போட்டால் என்னைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வேலையை நடத்துவார்கள். அதனால் ஹாலுக்குள் போய் ஒரு பொய் சொன்னேன். "எல்லாருக்கும் ஊசி போடணும், வந்து பாக்கறவங்க கேப்பாங்க, கேட்டாண்ட வந்து வரிசையா நில்லுங்க." ஊசி என்றதும் சலசலப்பு. ஆனாலும் கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வெளியே வந்தாகிவிட்டது. காலிச் சிரிஞ்சை வைத்துக்கொண்டு, இன்றைக்கு மருந்து இன்னும் வரவில்லை, இருங்கள் இருங்கள் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினேன். அதற்குள் விருந்தாளிகளின் கார் வந்துவிட்டது. மேனேஜர் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு ஹாலைக் காலி பண்ணீங்க? எல்லாரும் உள்ள போங்க!"

யாரும் அசையவில்லை. என் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மேனேஜர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நேராக விரலை நீட்டினார்.

"செல்வி, நீ முதல்ல போ. நீ போனா மத்தவங்க தானா வருவாங்க."

செல்வி ஹாலில் வேலை பார்த்தவள், அவ்வளவுதான். மேஸ்திரி இல்லை, மூத்தவளும் இல்லை. அத்தனை பேரில் ஏன் அவள் பேரைச் சொன்னார் என்று அவளுக்கே புரியவில்லை. "நான் இன்னா சார் பண்ணேன்?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "வுடு சிஸ்டரு, பேஜாரு புடிச்ச ஆளு" என்று சிரித்துக்கொண்டே தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை, மெதுவாக எடுத்துவிட்டுப் போனாள். அவள் பின்னால் நாலைந்து பேர் போனார்கள்.

அவள் உள்ளே போய் ஐந்து நிமிஷம்கூட இருக்காது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பிரஷர் குக்கர் விசில் விடாமல் அடிக்கிற மாதிரி ஒரு சீற்றம். அடுத்த நிமிஷம் ஹால் வாசலில் வெள்ளையாகப் புகை. ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு நானும் இரண்டு பெண்களும் உள்ளே போனோம். வாசல் பக்கம் இருந்தவர்களை இழுத்துப் போட்டோம். செல்வி கடைசி மேஜைக்குப் பக்கத்தில் கிடந்தாள். அவளை நான் தனியாகத்தான் இழுத்துக்கொண்டு வந்தேன், அதற்குள் என்னோடு வந்த இரண்டு பேரும் மூச்சுமுட்டி வாசலுக்கு வெளியே விழுந்துவிட்டார்கள். கட்டிடத்தின் பின்னால் இருந்த குழாயடியில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டே இருந்தாள். கையை எடும்மா, கையை எடும்மா என்று கத்தினேன். அங்கேயே போய்விட்டாள். மேனேஜர்? விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு முன்பக்கக் கேட் வழியாக எப்போதோ போயிருந்தார்.

மற்றவர்களை அதே ராயபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது, வராண்டாவில் யாசின் பாயின் வீட்டம்மா நூர்ஜஹான் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "பாய் எங்கம்மா? அவர் மட்டும் வந்து சொல்லலேன்னா இன்னைக்கு அத்தனை பேரும் போயிருப்பாங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இன்னா சிஸ்டர் சொல்ற? அவரு காத்தால ஒம்போது மணிக்கே மவுத்தாயிட்டாரே."

பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டேன்.

"வாயே பேச முடில அவருக்கு. மூணு வெரல காட்டிக்கினே இருந்தாரு, மூணு வெரல காட்டிக்கினே இருந்தாரு. மூணு பொண்ணுங்களையும் கேக்குறாருன்னு நெனச்சி, மூணு பேரையும் இட்டாந்து முன்னால நிறுத்தினோம். இல்ல இல்லன்னு தலைய ஆட்டினாரு. அப்பிடியே போயிட்டாரு."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மூன்று விரல் எதைச் சொன்னது என்று அவளிடம் சொல்லத் தைரியமும் வரவில்லை. உள்ளே போய் அவரைப் பார்த்தேன். வெளுத்த கழுத்து. இடது புறங்கையில் அதே பிளாஸ்திரி.

பிறகு விசாரணை நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் டைப் அடிக்கிறவர். மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு யாரும் எந்த எச்சரிக்கையும் கொடுக்கல சார்." நான் எழுந்து, யாசின் பாய் பதினோரு மணிக்கு வந்து நின்று கெஞ்சினார், இவர் விரட்டிவிட்டார் என்றேன். அதிகாரி ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டினார். "அவர் ஒன்பது மணிக்கு இறந்துட்டார்னு இருக்கே. செத்தவர் வந்து சொன்னார்னு எழுதிக்கட்டுமாம்மா?" டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். என் நோட்டைக் காட்டினேன். பிறகு எழுதிச் சேர்த்தது என்றார்கள். சரி, செத்த பிறகு வந்ததை விடுங்கள், உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் எத்தனை தடவை சொன்னார், அதையாவது எழுதுங்கள் என்று கத்தினேன். அதற்கு எழுத்துபூர்வமாக ஆதாரம் இல்லையாம். கடைசியில் காகிதத்தில் வந்தது என்ன தெரியுமா? ஆபரேட்டரின் கவனக்குறைவு. உயிரைக் கொடுத்துத் துணி சுற்றிக் கட்டிவிட்டுப் போன மனுஷனுடைய கவனக்குறைவு.

நான் வேலையை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்துவிட்டேன். ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, கூட்டமே இல்லாத நேரம், அந்த மேனேஜர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பிரஷர் பார்க்க வேண்டும் என்று சட்டைக் கையை மடித்தார். பாதி உடம்பாகிவிட்டிருந்தார். எனக்கு அந்தப் பிரஷர் பட்டையை அவர் கழுத்தில் சுற்ற வேண்டும் போல இருந்தது. கையில்தான் சுற்றினேன்.

"சிஸ்டர், அன்னைக்கு அவன் வந்தான். எனக்குத் தெரியும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"இதை அங்க சொல்லியிருக்கணும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவன் பின்னாடி செல்வி வந்து நின்னாளே, அவளை நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

எனக்குப் புரியவில்லை. யாசின் பாய்க்குப் பக்கத்தில் தோள் இடிக்கிற தூரத்தில் நான்தான் நின்றேன். எங்கள் பின்னால் யாரும் இல்லை. செல்வி அந்த நேரம் ஹாலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள், போகிற வழியில் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். அதைச் சொன்னேன்.

"இல்ல, நின்னா. ஒரு வார்த்தை பேசல. இவதான் எல்லாரையும் தூண்டிவிடறான்னு நினைச்சேன். அந்தக் கோபத்துலதான் கேட்டாண்ட அவ பேரைச் சொல்லி உள்ள அனுப்பினேன்."

பழியை யார் தலையில் போடலாம் என்று அலைகிற ஆள், இதுவும் பொய்தான் என்று நினைத்தேன். எழுந்து போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்.

"தலையில தொப்பி இல்ல. உடம்பு பூரா சொட்டச் சொட்ட நனைஞ்சு, என்னை ஒரு தடவை பாத்துட்டு, முகத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு நின்னா. அப்போகூட எனக்கு எரிச்சல்தான் வந்தது சிஸ்டர். தரையை ஈரம் பண்றாளேன்னு."

குழாயடியில் அவளை அந்தக் கோலத்தில் பார்த்தது நான் ஒருத்திதான். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை.