கல்யாணப் படத்தில் ஓர் அந்நியன்

அறுபதுகளில் மதுரையிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்கப் போன புதிது. ஒரு சனிக்கிழமை முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு ரயிலேறினேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் பந்தல் போட்டு இலை விரித்திருந்தார்கள். பசியில், சாப்பாட்டுக் கடை என்றே உட்கார்ந்துவிட்டேன். மோர்க்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

பரிமாறியவரிடம், "எவ்வளவுங்க?" என்றேன்.

"இது கல்யாணம், தம்பி. நான் பொண்ணோட அப்பா. எந்திரிக்காதீங்க, பாயசம் இன்னும் வரல லா," என்றார், சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு.

கூசிப்போய், தனியாக ஊர் பார்க்க வந்த மாணவன் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் கைபிடித்து அழைத்துப்போய், மணமக்களோடு படமெடுக்க நின்ற சொந்தக்காரர்கள் நடுவே என்னையும் நிறுத்தினார்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. இது யார் என்று எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். "நம்ம பையன்" என்றுதான் அவர் சொல்லியிருப்பார்.