எட்டு எங்கே என்று கேட்டார்கள்

"எட்டு எங்கம்மா?" என்றார் வேதமூர்த்தி சார்.

நான் கொண்டுபோன சி.டி. அவர் மேசைமேல் கிடந்தது. உறையில் கொட்டை எழுத்தில் 1.9 என்று எழுதியிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஊசிப்போன பண்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"போன தடவை 1.7 குடுத்தீங்க. இப்ப 1.9 குடுக்கறீங்க. நடுவுல ஒண்ணு இருக்கணுமே, அது எங்க?"

"எட்டு கிடையாது சார். நேரா ஒன்பது."

"அது எப்படிம்மா கிடையாது?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

ஒரகடம் பக்கம் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலை அது. வேதமூர்த்தி சார் அங்கே குவாலிட்டிக்குத் தலைவர். நான் சைதாப்பேட்டையில் இரண்டே அறைகளில் நடந்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். நாங்கள் விற்றது ஒரு டெர்மினல் புரோகிராம். ஆலையின் சரக்கு விவரமெல்லாம் யூனிக்ஸ் சர்வரில் இருக்கும். பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்சில் இருக்கும் விண்டோஸ் பி.சி.யிலிருந்து அந்த சர்வரோடு பேச ஒரு ஜன்னல் வேண்டும். கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக இருந்த அந்த ஜன்னல்தான் எங்கள் சரக்கு.

இப்போதைய பிள்ளைகள் ராத்திரி தூங்கி எழுந்தால் அப்டேட் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் காலத்தில் அப்டேட் மின்சார ரயிலில் போனது. சி.டி.யை டிபன் பாக்ஸோடு பைக்குள் வைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் யார் மடியிலாவது பாதி உட்கார்ந்து ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். 1.3இல் கீபோர்டின் நம்லாக் விளக்கு தானாக அணைந்துபோவதைச் சரிசெய்தோம். 1.5இல் பிரிண்டர் கடைசி வரியை விழுங்குவதைச் சரிசெய்தோம். 1.6இல், 1.5 கெடுத்ததைச் சரிசெய்தோம். ரிலீஸ் மேனேஜர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்திருந்தார்கள். உண்மையில் நான் செய்தது கூரியர் வேலையும் திட்டு வாங்குகிற வேலையும்தான்.

இரண்டு லேபிள்

1.7 போட்ட பிறகு டிஸ்பாட்சில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. ஒரு பெட்டிக்கு ஒரு பார்கோடு லேபிள் வர வேண்டும். சில சமயம் ஒரே எண்ணில் இரண்டு வந்தது. அவசரத்தில் இரண்டாவது லேபிளை அடுத்த பெட்டியில் ஒட்டிவிடுவார்கள். வாங்குகிற கார் கம்பெனியில் ஸ்கேன் செய்தால் ஒரே பெட்டி இரண்டு முறை வந்ததாகக் காட்டும். லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு லேபிள் வந்ததெல்லாம் கேட்டை ஒட்டிய கடைசி மேசையில்தான். அங்கே உட்கார்ந்திருந்தவள் முத்துச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பெண்களோடு ஓர் அறையில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். டிரெய்னி. யார் யாரை நிரந்தரம் செய்யலாம் என்று அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசர் பெயர் கொடுக்க வேண்டும். அந்தச் சூப்பர்வைசர் முனுசாமி, மண்ணூர்க்காரர், தன் முடிவைச் சொல்ல வெட்கப்படாதவர்.

"இந்தப் பொண்ணு கை இன்னா கையோ தெர்ல மேடம். ஒரு வாட்டி அமுக்குன்னா ரெண்டு வாட்டி அமுக்கிக்கினு கீது. கேட்டா இல்லைன்னுது. நான் எப்டி பேர் எழ்தி குடுப்பேன்? நாளிக்கு என் தலதான் உருளும்" என்றார், அவள் காதில் விழும்படியாகவே.

முத்துச்செல்வி வந்த லேபிளைக் கிழித்துப் பெட்டியில் ஒட்டினாள். அவர் நகர்ந்ததும் என்னிடம் சொன்னாள்: "யக்கா, ஒரு தடவதான் அமுக்குதேன். எங்கம்மா சத்தியமா. ரெண்டு வருது. நான் என்ன செய்யட்டும்?"

அவள் என்ட்டர் அடிப்பதைப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல மெல்லத் தொட்டு உடனே எடுத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படித்தான். நான் அந்த மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அடித்துப் பார்த்தேன். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குவதுபோல ஒழுங்காக ஒன்று ஒன்றாகவே வந்தது. முனுசாமி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தியா மேடம், மெஷின்ல ஒண்ணும் இல்ல."

ஆபீசுக்கு வந்து புரோகிராமை வரி வரியாகக் குடைந்தேன். கோளாறு எங்களுடையதுதான். லேபிளின் விவரத்தை சர்வர் துண்டு துண்டாக அனுப்பும். 'முடிந்தது' என்கிற குறியே இரண்டு துண்டாக உடைந்து வந்தால், எங்கள் புரோகிராம் குழம்பிப்போய் இன்னொரு முறை அச்சடித்தது. கடைசி மேசைக்குப் போன கேபிள் கூரைமேல் ஏறி இறங்கி வெகுதூரம் சுற்றிப் போனது. அங்கேதான் துண்டுகள் அதிகம் உடைந்தன. முத்துச்செல்வியின் விரலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான்கு வரியில் சரிசெய்துவிட்டேன். அதுதான் 1.8 ஆக வெளிவர வேண்டியது.

சனியின் எண்

எங்கள் முதலாளி தணிகாசலம் சார் நல்ல மனிதர், கெட்டிக்காரர். எட்டு என்றால் மட்டும் அவருக்கு நடுக்கம். எட்டாம் தேதி செக் எழுத மாட்டார். எட்டாவது ஆளாக லிஃப்டில் ஏற மாட்டார்.

"சுமதி, எட்டு சனியோட நம்பர்மா. அதுல போய் ரிலீஸ் பண்ணுவாங்களா? ஒன்பதுன்னு போட்டுடு."

போட்டேன். அதைத்தான் வேதமூர்த்தி சார் தொடக்கூட மறுத்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "எங்க சாருக்கு எட்டு ஆகாது சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஆடிட்டர் வந்து எட்டு எங்கன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது? சனி பகவான்கிட்ட இருக்கு, அவர் குடுத்ததும் ஃபைல் பண்றேன்னு சொல்லவா?"

அவர் பிடிவாதத்துக்கும் காரணம் இருந்தது. ஒருமுறை டிராயிங் ஒன்றில் நடுவே ஒரு ரிவிஷனை, அதாவது திருத்திய பிரதியை, யாரோ கொடுக்க மறந்துபோய், துளை தள்ளிப்போட்ட பாகங்கள் மலையாகக் குவிந்து, எல்லாம் காயலான் கடைக்குப் போயினவாம். அன்றிலிருந்து அந்த ஆலையில் ஏழுக்குப் பின் எட்டு வந்தாக வேண்டும். டிராயிங்காக இருந்தாலும் சரி, கேன்டீன் விதிமுறையாக இருந்தாலும் சரி.

அதற்குள் டிஸ்பாட்சில் செய்தி பரவிவிட்டது. எட்டு என்று ஒரு நல்ல வெர்ஷன் இருப்பதாகவும் அதை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு இவர்களுக்கு மிச்சத்தைத் தள்ளுவதாகவும் பேச்சு. முனுசாமியே என்னை ஓரமாக அழைத்து, "எங்களுக்கும் ஒரு எட்டு குட்த்துட்டு போ மேடம், எதுக்கு வம்பு" என்றார்.

ஆபீசில் புது யோசனை சொன்னேன். "சார், 1.7 'ஏ'ன்னு போட்டுடலாமா? பழைய வீடுகளுக்கு நம்பர் போடற மாதிரி?"

தணிகாசலம் சார் விரல்விட்டு எண்ணினார். "ஏழு. ஏ-வுக்கு ஒண்ணு. கூட்டினா எத்தனை?"

எனக்கு வந்த கோபத்துக்கு ராஜினாமா எழுதியிருக்க வேண்டும். வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. எழுதவில்லை. ஒரு மனிதருக்கு எட்டு வேண்டும், இன்னொருவருக்கு எட்டு வேண்டாம். நடுவில் ஒரு பெண்ணின் வேலை போகிறது. மருந்து என் பைக்குள் டிபன் பாக்ஸோடு இடித்துக்கொண்டு போய்வந்து கொண்டிருந்தது.

மச்சான் வண்டி

வியாழக்கிழமை மறுபடியும் கிளம்பினேன். வேதமூர்த்தி சார் காலில் விழுவதுதான் திட்டம். ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கண்ணாடிக்கு மேல் வண்டி எண்ணை மஞ்சள் பெயின்டில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து வைத்திருந்தார்: 2214.

"இன்னாங்க, நம்பருக்கே கோலம் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"கூட்டிப் பாரும்மா. ஒம்போது. ராசியான நம்பர். இத்தினி வருசத்துல ஒரு நாளு வழியில நின்னதில்ல." பெருமையோடு ஹாரனை ஒரு தட்டு தட்டினார். "என் மச்சான் கீறான், அவனும் ஒம்போதுன்னுதான் சொல்லிக்கினு இருந்தான். மாசத்துக்கு ரெண்டு வாட்டி வண்டி ஷெட்டுக்குப் போவுது. அப்பால பார்த்தா, முன்னாடி இருக்கற நம்பர வுட்டுட்டு கூட்டிக்கினு கீறான். எல்லாத்தியும் சேத்துக் கூட்டணும்மா. ஒண்ண வுட்டாலும் கணக்கு தப்பு."

எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஒன்றையும்.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றேன். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி எஸ்.டி.டி. பூத்துக்குள் ஓடி, தணிகாசலம் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், வெர்ஷன் நம்பரை முழுசாக் கூட்டணுமா, பாதியக் கூட்டணுமா?"

"முழுசாத்தான்மா. எதுக்குக் கேக்கற?"

"அப்போ 1.7ஐக் கூட்டுங்க."

பூத் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ" என்றார் மெல்ல. "ரெண்டு மாசமா எட்டையா ஓட்டிக்கிட்டிருக்கோம்?"

"ஆமா சார். அதான் ஒண்ணு அடிச்சா ரெண்டு வருது. இப்ப 1.8ஐக் கூட்டுங்க."

"ஒன்பது." குரலில் உயிர் வந்துவிட்டது. "செவ்வாயோட நம்பர். மெஷினுக்கு ரொம்ப விசேஷம். ஏம்மா, இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்த? நாளைக்கே கொண்டு போ. பத்தரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னாடி போட்டுடு."

1.7 ஏ-வையும் அதே கணக்கில் கூட்டினால் ஒன்பதுதான் வரும். அதை நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெற்றி போதும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை

ஆபீசுக்குத் திரும்பி, புரோகிராமுக்குள் 1.9 என்றிருந்த இடத்தையெல்லாம் 1.8 ஆக்கிப் புது சி.டி. அடித்தேன். வேறு ஒரு புள்ளியும் மாறவில்லை. மறுநாள் காலை வேதமூர்த்தி சார் உறையைப் பார்த்தார், கண்ணாடியை மேலே ஏற்றினார், கையில் எடுத்தார். அடுத்து, என்ன மாறியது என்று சொல்லும் ரிலீஸ் நோட்டைப் படித்தார். எங்கள் முதலாளி எப்போதும் எழுதச் சொல்லும் ஒரே வாக்கியம்தான் அதில் இருந்தது: மைனர் இம்ப்ரூவ்மென்ட்ஸ்.

"இது என்னம்மா? எது கெட்டிருந்தது, எதனால கெட்டுது, ரூட் காஸ் வேணாமா? தெளிவா எழுது. டிஸ்பாட்ச் போர்டுல ஒட்டணும், அவங்களுக்குப் புரியணும். தமிழ்லயே எழுது."

அங்கேயே நின்றபடி எழுதினேன். 'ஒரு பெட்டிக்கு இரண்டு லேபிள் வந்தது எங்கள் புரோகிராமின் கோளாறு. ஆபரேட்டர் ஒரு முறைதான் அழுத்தினார். அவர்மேல் தவறு இல்லை. 1.8இல் சரிசெய்யப்பட்டது.' கீழே கையெழுத்துப் போட்டேன். தணிகாசலம் சார் பார்த்திருந்தால் கம்பெனி மானம் போச்சு என்று குதித்திருப்பார். அவரோ ராகு காலத்துக்கு முன்னால் முடிந்ததா என்பதைத்தான் போனில் கேட்டார்.

முனுசாமி போர்டின் முன் நின்று வாய்விட்டுப் படித்தார். நாற்காலியை இழுத்து முத்துச்செல்விக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தொட்டாள். ஒன்று வந்தது. இன்னொரு பெட்டி, இன்னொரு லேபிள். டீ வந்து, ஆறி, ஏடு கட்டிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. எனக்குத்தான் பசி. சரிசெய்யப்போய் வேறொன்றைக் கெடுத்த 1.5 நினைவுக்கு வந்து வந்து பயமுறுத்தியது.

கடைசியில் முனுசாமி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

"இன்னாம்மா, தொட்டுத் தொட்டுக்கினு கீற? லாரி நிக்குது பாரு. நல்லா அட்ச்சி வுடு."

மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். முத்துச்செல்வி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடது கையை விரலிலிருந்து எடுத்தாள். பிறகு என்ட்டரை அடித்தாள் பாருங்கள், மேசையே அதிர்ந்தது, டீ டம்ளர் நகர்ந்தது. லேபிள் ஒன்றே ஒன்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிரிண்டரைக் குனிந்து பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். திங்கட்கிழமை நிரந்தரப் பட்டியலில் அவள் பெயரும் போனது.

அதன்பின் எங்கள் கம்பெனியில் 2.6 என்று ஒரு வெர்ஷன் வரவே இல்லை. ஏன் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான சண்டை வேறு.

இன்று என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் ரிலீஸ் நோட்டில் 'சில சிறு திருத்தங்கள்' என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நம்பரை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கிரகத்தைக் கேட்டுக்கூடப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கோளாறு நம்முடையது என்றால் அதை மட்டும் வெளிப்படையாக எழுதுங்கள். அது எழுதப்படுகிறவரை யாரோ ஒருத்தி எங்கேயோ தன் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.