பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர்

இந்த ஊரில் ஆரன் அடித்தால் யாரையோ திட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் காலை ஏழே முக்காலுக்கு என் மினி பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சத்தமில்லாமல் போய் நிற்கும். பிள்ளைகளும் சத்தமில்லாமல் ஏறுவார்கள். சிங்காநல்லூரில் பஸ் ஓட்டிய காலத்தில் இரண்டு வளைவுக்கு முன்னாலேயே ஆரனை அழுத்துவேன். அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, ஒரு சடை பின்னியும் ஒரு சடை பின்னாமலும் ஓடி வருவார்கள். இங்கிலாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிவிட்டது. இன்றும் வளைவு வந்தால் என் கை தானாக ஆரன் பக்கம் போகிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பழனிச்சாமி, ஊர் பெருந்துறைப் பக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கிளீனராக ஏறி, டிரைவராகி, பரோட்டா மாஸ்டராக இந்த நாட்டுக்கு வந்து, டாக்சி ஓட்டி, இன்றைக்கு ஆறு பஸ்ஸுக்கு முதலாளி. பள்ளிக்கூடம் தூரமாக இருக்கிற பிள்ளைகளை அரசாங்கச் செலவில் கூட்டிப்போகும் வேலையை இங்கே கவுன்சில் என்ற உள்ளூர் நிர்வாகம் என்னைப் போன்றவர்களிடம் ஒப்படைக்கிறது. கோட்டு சூட்டுப் போட்டவர்கள் கேட்டும் கிடைக்காத ஒப்பந்தம் அது, எனக்குக் கிடைத்தது. பனி முழங்காலுக்குக் கொட்டிய நாளிலும் என் பஸ் நேரம் தவறியதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதலாளியானாலும் நாலாம் நம்பர் பஸ்ஸை நானேதான் ஓட்டினேன். காரணம் உண்டு. குளிர் ஒத்துக்கொள்ளாமல் என் மனைவி சரஸ்வதி ஐந்து வருசத்துக்கு முன்னால் பெருந்துறையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு ஒரு நாளில் என்னோடு முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் அந்த பஸ் பிள்ளைகள் மட்டும்தான். அதிலும் எமிலி என்று ஏழு வயதுப் பெண், என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வழி நெடுகப் பேசுவாள். இறங்கும்போது போகிறேன் என்று சொல்லக் கூடாது, வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தினமும் “வாரேங்க மிஸ்டர் பழனி” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எமிலியின் நிறுத்தத்தில் அவள் அம்மாவைக் காணவில்லை. பட்டியலில் பெயர் உள்ள பெரியவர் யாரும் இல்லையென்றால் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்பது விதி. பின்னால் இன்னும் ஒன்பது பிள்ளைகள். எமிலி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னலில் வெள்ளை முடிக்காரம்மா ஒருவர் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். நாலு வருசமாக அவர் கையை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன். எனக்கு அந்த நேரத்தில் சிங்காநல்லூர்தான் ஞாபகம் வந்தது. அங்கே மில்லில் ஷிப்ட் முடிந்து அம்மாக்காரி வர நேரமானால், நிறுத்தத்தில் இருக்கிற பெட்டிக்கடைக்காரம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போவேன். “ஏனுங்கக்கா, பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கங்க” என்பேன். “உட்டுட்டுப் போங்க, நான் என்ன தின்னுபோடுவனா?” என்பார். அதோடு முடிந்தது. மறுநாள் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதே மாதிரி எமிலியைக் கைபிடித்துக் கூட்டிப்போய் அந்த வெள்ளை முடிக்காரம்மாவிடம் விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார்.

கார் வழியில் நின்றுபோய் இருபது நிமிடம் தாமதமாக வந்த அம்மாக்காரி, பஸ்ஸும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று கண்டதும் அலறிவிட்டாள். ஓட்டும்போது நான் போனை எடுப்பதில்லை. போலீஸ் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எமிலி பூனையை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் கதவைத் தட்டிக் கேட்க அவள் அம்மாவுக்குத் தோன்றவேயில்லை. ஆறு வருசமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அந்த வெள்ளை முடிக்காரம்மாவுக்கும் இவளுடைய போன் நம்பர் தெரியாது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கவுன்சிலில் விசாரித்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். “டெய்லி சீயிங் மேடம், வெரி குட் லேடி” என்றேன். பெயர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. அடுத்து, இதே நிலைமை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். நெஞ்சை நிமிர்த்தி, அதே அம்மாவிடம்தான் விடுவேன் என்றேன். சொன்ன சொல்லில் நிற்கிறவன் என்று என்னை மதிப்பார் என்று நினைத்தேன். அவர் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

ஆறு பஸ்ஸும் ஓடலாம், பிள்ளைகள் இருக்கும் பஸ்ஸில் நான் மட்டும் ஏறக் கூடாது என்று முடிவு வந்தது. கழுத்தில் மாட்டியிருந்த அனுமதி அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். எமிலியிடம் ஒரு வாரேன் சொல்லக்கூட என்னை விடவில்லை.

சரஸ்வதியிடம் போனில் சொன்னேன். “அப்பறம் அங்க என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க? பொறப்பட்டு வந்துருங்க” என்றாள்.

“வந்துட்டா ஆறு பஸ்ஸை ஆரு பாக்கறது அம்மணி?”

“பஸ்ஸைப் பாக்கறதுக்கு ஆளிருக்குது. உங்களைப் பாக்கறதுக்கு அங்க ஆளிருக்குதுங்களா?”

பேச்சில் யாரிடமும் நான் தோற்றதில்லை. அன்றைக்குக் குக்கரில் விசில் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

இப்போது வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். கம்ப்யூட்டர் திரையில் ஆறு பஸ்ஸும் ஆறு புள்ளிகளாக நகரும். நாலாம் நம்பர் புள்ளி எமிலி நிறுத்தத்தில் நிற்கும்போது நான் டீயைக் கீழே வைத்துவிடுவேன். போன வாரம் கவுன்சிலிலிருந்து புதுப் பட்டியல் வந்தது. எமிலியை அழைத்துக்கொள்ள அனுமதி உள்ளவர்களில் இரண்டாவதாக ஒரு பெயர்: டோரத்தி. அவள் அம்மாவே போய்க் கேட்டுச் சேர்த்திருக்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நிற்கிறார்கள் என்று என் டிரைவர் சொன்னான். நாலு வருசம் கை உயர்த்தியும் எனக்குத் தெரியாத பெயரை, இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத் தேடித் தட்டி நானே எங்கள் கம்ப்யூட்டர் பட்டியலில் ஏற்றினேன்.

அதே கவரில் எனக்கும் ஒரு படிவம் இருந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தார்கள். சரஸ்வதி பெயரையும் பெருந்துறை நம்பரையும் எழுதி அனுப்பினேன். அந்த வரியை அடித்து, இந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த வீட்டில் பதினோரு வருசமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நீலக் கார் வைத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியை வெளியே வைப்பார். அவ்வளவுதான் தெரியும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் கார் வந்து நிற்கிறது. ஜன்னலுக்குப் போய்க் கையை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். மேசையில் படிவம் கிடக்கிறது. அடித்த கோட்டுக்குக் கீழே பெருந்துறை இன்னும் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறது. அதற்கு அடுத்த வரி காலி.