ஆவடிச் சளியெல்லாம் என் வண்டியில்

குச்சி ஐஸ் விற்பவன் ஐஸை மட்டும் விற்பதில்லை. ஊரிலுள்ள சளிக்கெல்லாம் ஜவாப்தாரியும் அவனே. தெருவில் நின்று எதையாவது விற்றுப் பிழைக்கும் தோழர்களே, உங்களுக்குப் புரியும். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டதும் ஆவடியில் ஐஸ் வண்டி தள்ள வந்தேன். நாள் முழுக்க ஐஸுக்குள்ளேயே கை. எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அதை யார் கேட்டார்கள்?

மணிச் சத்தம்

காலனியில் மூக்கு ஒழுக ஒழுக ஒரு பையன் வந்து ஆரஞ்சு ஐஸ் வாங்கிப் போனான். மறுநாள் அவன் அம்மா வண்டியை மறித்தாள். "புள்ளைக்கு ஜொரம். இன்னாத்தடா குடுத்தே?"

வரும்போதே ஒழுகியதே அக்கா என்று, அவன் உறிஞ்சிய உறிஞ்சலை அப்படியே செய்து காட்டினேன். குழாயடிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"உன் மணி சத்தம் கேட்டாலே அவனுக்கு ஒழுவ ஆரம்பிச்சிடுதுடா!"

வரிசை

பள்ளிக்கூட வாசல்தான் என் பிழைப்பு. இடைவேளை மணி அடித்தால் வண்டியே கவிழும் கூட்டம். பெரிய டீச்சர் குரலில், "ஏய், வரிசையில நில்லு! அங்க யாரு பேசறது?" என்பேன். அத்தனையும் கைகட்டி நிற்கும். ஒருநாள் வரிசை வழக்கத்தைவிட நேராக நின்றது. சந்தேகப்பட்டுத் திரும்பினால், பின்னால் பெரிய டீச்சரே நிற்கிறார்.

"குரல் பரவாயில்ல. ஆனா இன்னும் ஒரு புள்ள இருமினா, இந்த வாசல்ல உன்னைப் பார்க்கக் கூடாது."

மழை

அப்புறம் அடைமழை. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு வீட்டோடு கிடந்தேன். மழை விட்டதும் பள்ளிக்கூடம் போய் வகுப்பு வாசலில் எட்டிப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒருவர் பிடரியில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. "டீச்சர், மழை ஆரம்பிச்சதிலேர்ந்து நான் வண்டியே எடுக்கல!" என்றேன், அன்றுதான் முதல்முறையாக என் சொந்தக் குரலில்.

உள்ளே நின்ற பெரிய டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்தி ஒரு தும்மல் போட்டார்.

"வெயில்ல நீ வித்த ஐஸ்தான்டா இப்ப வேலை காட்டுது. கிளம்பு!"

சுடச்சுட

கெஞ்சிப் பார்த்தேன். ஐஸ் வேண்டாம், அவித்த வேர்க்கடலை விற்றால்? சரி என்றார். அதே வண்டி, அதே வாசல், ஆவி பறக்கும் கடலை. இனி யாருக்கும் சளி பிடிக்காது என்று மூச்சுவிட்டேன். அதே காலனி அம்மா, அதே பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உன் கடலையத் துன்னு புள்ளைக்கு ஒடம்பெல்லாம் சூடாயிப்போச்சு. பேசாம ஐஸே வித்துகினு இரு நைனா!"

சில்லென்று விற்றாலும் சுடச்சுட விற்றாலும் ஊருக்கு வருகிற நோயெல்லாம் என் தள்ளுவண்டியில்தான் வருகிறதாம். தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்தவன் நான் ஒருவன்தான்.