கை தூக்கிக் காத்திருந்த வகுப்பு

போலகம் பக்கத்துப் பள்ளியில் நான் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு என்றாலே ஆசிரியர்களுக்குக் கிலி. மிரட்டினோம், இடம் மாற்றி உட்காரவைத்தோம், பெற்றோரை வரவழைத்தோம். வந்த பெற்றோர் பள்ளி கேட்டைத் தாண்டியதும் பழைய இரைச்சல்தான். அதில் பெரிய குரல் ஜன்னலோரத்துப் பையன் ஒருவனுடையது.

அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அப்பாவுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குச் செவி போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். அவளைப் பற்றி வகுப்புக்கு எப்படிச் சொல்வது என்று நான் தயங்கியபோது அவளே எழுந்தாள்.

"ஒருத்தர் பேசினா பாத்துப் புரிஞ்சுக்குவேன். எல்லாரும் சேந்து பேசினா ஒண்ணும் தெரியாது."

பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்ப நாங்க கத்துறது உனக்குக் கேக்காதா?" என்றான் ஜன்னலோரத்துப் பையன்.

"கேக்காது. எல்லாரும் சிரிக்கிறது தெரியும். எதுக்குன்னுதான் தெரியாது."



சில வாரங்கள் கழித்து, தலைமையாசிரியையின் அறையில் பேசிக்கொண்டிருந்ததில் வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது. வகுப்பைக் கண்டிக்கத் தயாராக அவரும் கூடவே வந்தார். வராந்தாவில் சத்தமே இல்லை. மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

வாசலில் நின்று பார்த்தோம். கபடி அணியில் யார் யார் என்று சண்டை. முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் பேச வேண்டியவர் கையைத் தூக்கினார், அந்தப் பெண் தன் பக்கம் திரும்பும்வரை பொறுத்தார், பிறகே வாயைத் திறந்தார். ஜன்னலோரத்துப் பையன் கோபத்தில் நடுங்கிக்கொண்டே, தூக்கிய கையோடு காத்திருந்தான். தலைமையாசிரியை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்களில் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

உள்ளே போய்க் கரும்பலகையில் எழுதியபடியே பாடத்தைத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ சலசலப்பு. திரும்பினால், அந்தப் பையன் கையைத் தூக்கியிருந்தான்.

"மிஸ், எங்களப் பாத்துச் சொல்லுங்க. அவளுக்கு உங்க வாய் தெரியல."

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அவர்களைப் பார்த்து நின்று பாடத்தை முதலிலிருந்து சொன்னேன்.

வீட்டுப்பாடத்தை அவர்கள் அப்புறமும் ஒழுங்காக முடித்ததில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து தாமதமாகத்தான் வருவார்கள். ஆனால் பத்தாம் வகுப்புக்காக எல்லாப் பிரிவுகளையும் கலைத்து மாற்றும்போது, அந்தப் பிரிவை மட்டும் கலைக்கக் கூடாது என்று தலைமையாசிரியை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.